87 சதவீதம் ரெய்ஸ் செய்கிறவனோடு ஏழு ஞாயிறுகள்

தக்கலையில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில், போன தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்த இருவர் போக்கரைப் பற்றியது இது. ஒரு பக்கம் டீச்சர். மறுபக்கம் அவரிடம் பத்தாம் வகுப்பு படித்த குளச்சல்காரன். வளைகுடாவில் ஒன்பது வருடம் வேலை பார்த்து, கேம்ப் அறையில் போக்கர் பழகிவிட்டு ஊர் திரும்பியவன். சீட்டுக் கலைத்துப் போட்டதும், ஒவ்வொரு கையையும் நீள நோட்டில் எழுதியதும் நான்.

பணம் கிடையாது. ஆளுக்கு 200 புளியமுத்து, அவ்வளவுதான். சட்டத்துக்குப் பயந்து மட்டும் எடுத்த முடிவல்ல அது. 2022-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் ஆன்லைன் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், இவை திறமை விளையாட்டுகள் என்று சொல்லி அந்தப் பட்டியலை நீக்கியது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதையே தடை செய்துவிட்டது. சட்டம் எப்படிப் போனாலும், பணத்தை இழந்து குலைந்துபோன குடும்பங்களை எங்கள் பக்கத்திலேயே பார்த்தாயிற்று. டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார், "முத்து போதும் மக்கா. முத்து போனா புளி வாங்கினா வந்திரும்."

ஆட்டம் டெக்சாஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, நடுவே இருவருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு (ஃப்ளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). ஒவ்வொரு கட்டத்திலும் முத்து வைக்கலாம் (பெட்), வைக்காமல் விடலாம் (செக்), எதிராளி வைத்த அளவு போட்டுத் தொடரலாம் (கால்), அதைவிட ஏற்றலாம் (ரெய்ஸ்), சீட்டைப் போட்டுவிட்டு ஓடலாம் (ஃபோல்ட்), இருப்பதை எல்லாம் வைக்கலாம் (ஆல்-இன்). நடுவே சேரும் முத்து பாட். சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகக் கட்டுவது பிளைண்ட். சின்ன பிளைண்ட் 1 முத்து, பெரிய பிளைண்ட் 2. இருவர் மட்டும் ஆடும்போது ஒரு விதி மாறும். சீட்டுப் போடும் முறை யாருடையதோ (போட்டது நான்தான், முறை பெயரளவுக்கு), அதாவது பட்டன் யாரிடம் இருக்கிறதோ (எங்களுக்கு அது ஒரு சோடா மூடி), அவர்தான் சின்ன பிளைண்ட் கட்டுவார். ஃப்ளாப் விழுவதற்கு முன் அவர் முதலில் பேசுவார், விழுந்த பிறகு எல்லாச் சுற்றிலும் கடைசியாகப் பேசுவார். கடைசியாகப் பேசுகிறவனுக்கு எதிராளி என்ன செய்தான் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வசதி உண்டு. குளச்சல்காரன் ஆடிய வேகத்துக்குப் பாதிக் காரணம் இந்த வசதி. மீதிப் பாதியை டீச்சரே அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் மூன்று ஞாயிறும் டீச்சர் மொத்தமாகத் தோற்றார். மூன்றாம் நாள் 200 முத்தும் போன பிறகு கட்டன் சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்குச் சீட்டே வரல்ல, கேட்டியா" என்றார். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். சீட்டு வராமல் இல்லை.

அன்று ஆடியது 94 கை. அதில் 47 முறை பட்டன் அவனிடம். அந்த 47-இல் 41 முறை ரெய்ஸ் செய்திருக்கிறான், எப்போதும் 6 முத்து. நூற்றுக்கு 87. இவ்வளவு கைகளில் ஒருவனுக்கு நல்ல சீட்டு வர வழியே இல்லை. டீச்சருக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த 41-இல் 30 முறை சீட்டைப் போட்டுவிட்டார்.

நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் டீச்சரே கணக்குப் போட்டார். நடுவில் கிடப்பது 3 முத்து. அதைப் பிடிக்க அவன் போடுவது, ஏற்கெனவே கட்டிய 1 போக, இன்னும் 5. ஆக, எட்டில் ஐந்து முறை, அதாவது 62.5 சதவீதம் இவர் ஓடினாலே அவனுக்குக் கை நஷ்டமில்லை. இவர் ஓடியது 73 சதவீதம். 30 முறை மும்மூன்றாக 90 முத்து அவனுக்குச் சும்மா போயிருக்கிறது. மீதி 11 கையையும் அவன் அந்த இடத்திலேயே தோற்றிருந்தாலும் போவது 55 தான். சீட்டைப் பார்க்காமலே ரெய்ஸ் செய்திருந்தால்கூட 35 முத்து லாபம். டீச்சர் அந்த 35-ஐ இரண்டு முறை கோடிட்டு வட்டம் போட்டார். பரீட்சைத் தாளில் தப்பைக் கண்டுபிடிக்கும்போது அவர் இப்படித்தான் வட்டம் போடுவார் என்று குளச்சல்காரன் அப்புறம் சொன்னான்.

அந்த 11 கைகளின் கதையும் வேறில்லை. ஃப்ளாப் விழுந்ததும் நடுவே பாட் 12 ஆக இருந்தால் அவன் 12 வைப்பான், ஒவ்வொரு தடவையும். பாட் அளவுக்கு வைக்கிற பெட்டுக்கு எதிராளி பாதிக்கு மேல் ஓடினால், பொய்யாக வைத்தாலும் லாபம். டீச்சர் 11-இல் 7 முறை ஓடியிருக்கிறார். ஜோடி இல்லாத இரண்டு சீட்டு, ஃப்ளாப்பில் ஜோடியாகவோ அதற்கு மேலாகவோ மாறுவது மூன்றில் ஒரு முறைதான். ஆகவே ஜோடி விழுந்தால் மட்டும் நிற்பேன் என்பவர் மூன்றில் இரண்டு முறை ஓடியே தீர வேண்டும். எதிரே இருப்பவனுக்கும் மூன்றில் இரண்டு முறை ஒன்றும் விழவில்லை என்பதை அந்த நேரத்தில் மறந்துவிடுகிறோம்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது என்று நினைக்கிறேன். நாங்கள் எல்லாம் இருபத்தெட்டு என்ற ஏலச் சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். அதில் ஒருவன் துணிந்து ஏலம் கேட்டால், கேட்ட புள்ளியைப் பிடித்துக் காட்டியே ஆக வேண்டும், காட்டாவிட்டால் தோல்வி. ஆகவே ஒருவன் பெரிதாகக் கேட்டால் கையில் சரக்கு இருக்கிறது என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும். போக்கரில் கேட்டவன் எதையும் காட்ட வேண்டியதில்லை, எதிராளி ஓடினால் போதும். டீச்சர் ஐம்பது வருடமாக இருபத்தெட்டு ஆடியவர். அவனுடைய ஒவ்வொரு ரெய்ஸையும் அவர் ஏலமாகவே கேட்டிருக்கிறார்.

இதைவிட மோசமாக ஒன்றும் நோட்டில் இருந்தது. மூன்று ஞாயிறுகளிலும் சேர்த்து நான்கு முறை, டீச்சர் ஃபோல்ட் செய்த பிறகு, அவன் தானாகவே சீட்டைத் திருப்பிக் காட்டியிருக்கிறான். நான்கும் வெறுங்கை. அப்படிக் காட்டியதற்கு அடுத்த கையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். நான்கில் மூன்று முறை டீச்சர் சுமாரான சீட்டோடு திருப்பி ரெய்ஸ் செய்து 20, 30 முத்தை விட்டிருக்கிறார். மணிக்கணக்காகப் பொறுத்துப் பொறுத்து ஓடிவிட்டு, தவறான ஒரு கையில் எதிர்த்து நிற்பது. ஆக்ரோஷமாக ஆடுகிறவனிடம் தோற்கிற பெரும்பாலானவர்கள் தோற்பது இப்படித்தான். அவன் சீட்டைக் காட்டுவதே அந்தக் கோபத்தை எதிர்பார்த்துத்தான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இருவர் ஆட்டத்தில் அடித்து ஆடுவது சரியான வழிதான். 2017 ஜனவரியில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் என்ற நிரல், பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கை இருவர் போக்கர் ஆடி ஜெயித்தது. பாட்டைவிடப் பெரிய பெட்டுகளை அது தயங்காமல் வைத்தது. ஆனால் அதனிடம் நல்ல கைக்கும் பொய்க் கைக்கும் ஒரு விகிதம் இருந்தது. நம்முடையவனிடம் அந்த விகிதம் இல்லை, எல்லாமே பெட்தான். விகிதம் தவறியவனை அவனைப் போலவே ஆடி மடக்க நினைத்தால் இருவருமே கண்ணை மூடிக்கொண்டு நாணயம் சுண்டுவதுபோல் ஆகிவிடும். அவன் வைக்கட்டும், நாம் பிடித்துக்கொண்டே இருப்போம் என்று டீச்சரிடம் சொன்னேன்.

நான்காம் ஞாயிறுக்கு முன் மூன்று மாற்றங்கள் பேசி முடிவாயிற்று.

அவன் 6-க்கு ரெய்ஸ் செய்தால் பாதிக்குச் சற்றுக் குறைவான கைகளோடு நிற்பது. எந்த ஜோடியும், எந்த ஆஸும், எந்த ராஜாவும், பாதி ராணிகளும், ஒரே சாதியில் அடுத்தடுத்து வரும் சீட்டுகளும். இன்னும் 4 போட்டால் பாட் 12 ஆகும், மூன்றில் ஒரு முறை ஜெயித்தால் சரிக்குச் சரி. இருப்பதிலேயே மட்டமான கைகளில் ஒன்றான 7-2கூட, எதையும் ஆடுகிறவனுக்கு எதிராகக் கடைசிவரை போனால் ஏறத்தாழ 35 சதவீதம் ஜெயிக்கும். டீச்சர் இதைக் கேட்டதும், "அப்போ எல்லாத்தையும் ஆடலாமே" என்றார். கூடாது. ஃப்ளாப்புக்குப் பிறகு முதலில் பேச வேண்டியவர் அவர், அந்த 35 முழுதாகக் கைக்கு வராது. 9-3, ஜாக்கி-4 மாதிரியானவற்றைப் போட்டுவிடலாம். ராஜா-9 வேறு கதை, அதே கணக்கில் அது 60 சதவீதம்.

அடுத்தது, திருப்பி ரெய்ஸ் செய்வதைப் பற்றி. அவன் திருப்பி ரெய்ஸ் வந்தால் ஓடுவதே இல்லை என்று நோட்டு சொன்னது. ஓடாதவனிடம் பொய் சொல்லிப் பயனில்லை. ஆகவே ஆஸ்-10க்கு மேல், ராஜா-ராணி, எட்டு ஜோடிக்கு மேல் என்று உண்மையான கைகளோடு மட்டும் 20 முத்துக்கு ஏற்றுவது.

மூன்றாவதுதான் டீச்சருக்குக் கஷ்டமாக இருந்தது. ஃப்ளாப்பில் நல்ல ஜோடி விழுந்தாலும் ரெய்ஸ் செய்யக்கூடாது. செக் செய்து, அவன் வைத்ததும் கால் மட்டும். ரெய்ஸ் செய்தால் பொய்க் கையைப் போட்டுவிட்டு ஓடுவான், நல்ல கையோடு மட்டும் நிற்பான். கால் மட்டும் செய்தால் டர்னிலும் ரிவரிலும் பொய்யை வளர்த்துக்கொண்டே போவான்.

நான்காம் ஞாயிறு, ஓட்டில் மழை விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. முப்பது கை முடிந்து, கணக்கு தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது, ஆளுக்கு 200. பட்டன் அவனிடம். 6 வைத்தான். டீச்சர் கையில் கிளாவர் ராஜா, கிளாவர் 8. கால். பாட் 12.

ஃப்ளாப்: டைமன் ராணி, ஸ்பேட் 8, ஆட்டின் 3. டீச்சருக்கு நடு ஜோடி. செக். அவன் 12. கால். பாட் 36.

டர்ன்: கிளாவர் 5. செக். அவன் 30. டீச்சர் கொஞ்ச நேரம் முத்துகளைப் பத்துப் பத்தாகக் குவித்தார், பிறகு மூன்று குவியலைத் தள்ளினார். பாட் 96.

ரிவர்: டைமன் 2. செக். அவன் மீதமிருந்த 152 முத்தையும் இரண்டு கையாலும் அள்ளி நடுவே கொட்டினான். நாலைந்து உருண்டு திண்ணையிலிருந்து முற்றத்துத் தண்ணீரில் விழுந்தன. யாரும் எடுக்கவில்லை.

கால் செய்ய 152. ஜெயித்தால் மொத்தம் 400. நூற்றுக்கு 38 முறை ஜெயித்தால் போதும்.

அன்று டீச்சர் மனதில் என்ன ஓடியது என்று தெரியாது. அப்புறம் இருவரும் உட்கார்ந்து எண்ணியதைச் சொல்கிறேன். பார்க்காத சீட்டு 45, அவன் கையில் இருக்கக்கூடிய இரண்டு சீட்டுச் சேர்க்கை 990. அதில் எட்டு ஜோடியை, ராஜா துணையோடு, ஜெயிக்கக்கூடியவை எத்தனை? ராணி ஒன்று மட்டும் உள்ள கைகள் 93. இரட்டை ஜோடி 78. மூன்று ஒன்றாக உள்ளவை 13. ஆஸ்-4, 6-4 என்ற இரண்டு வரிசைகள் 32. ஆஸ், ராஜா, ஜாக்கி, 10, 9 ஜோடிகள் 27. ஆஸ்-8 எட்டு. கூட்டினால் 251, ஏறக்குறைய கால் பங்கு. இந்த 251-ஐயும் அவன் விடாமல் ஆல்-இன் செய்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் மீதி 739-இல் 154 சேர்க்கைகளை, அதாவது ஐந்தில் ஒன்றைப் பொய்யாக அள்ளிக் கொட்டினாலே டீச்சர் கால் செய்தது சரியாகிவிடும். 41 முறை கண்ணை மூடி ரெய்ஸ் செய்தவன், ஃப்ளாப்பில் ஒரு முறைகூட விடாதவன், ஐந்தில் ஒன்றோடு நிறுத்துவானா?

டீச்சர் கால் என்று சொல்லவில்லை. தன் பக்கத்துக் குவியல்களை ஒவ்வொன்றாக நடுவே தள்ளினார். கடைசிக் குவியலைத் தள்ளும்போது கை நடுங்கியது. அவன் ஸ்பேட் ஜாக்கி, ஸ்பேட் 10 இரண்டையும் திருப்பிப் போட்டான். ஒரு 9 வந்திருந்தால் வரிசை, வரவில்லை.

"லே மக்கா, நீ இதையா இவ்வளவு அள்ளின?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். "டீச்சர் எப்பவும் ஓடிருவியளே" என்றான் அவன். அந்த ஒரு வாக்கியம் எங்கள் மூன்று வார நோட்டுக்குச் சமம்.

2003 உலகப் போக்கர் போட்டியின் இறுதியில், இருவர் மட்டும் மிஞ்சியபோது, ஒன்பது ஜோடி வைத்திருந்த சாம் ஃபர்ஹா ரிவரில் வந்த ஆல்-இன்னுக்கு ஓடினார். கிறிஸ் மணிமேக்கரிடம் இருந்தது வெறும் ராஜா-7. டீச்சரிடம் அதைப் படம் போட்டுக் காட்டியபோது ஃபர்ஹாவுக்காக வருத்தப்பட்டார். ஆனால் ஃபர்ஹாவிடம் மணிமேக்கர் எத்தனை முறை வெறுங்கையோடு அள்ளுவார் என்ற நோட்டு இல்லை. டீச்சரிடம் இருந்தது. எல்லோரிடமும் நடு ஜோடியோடு 152 முத்தைக் கால் செய்யுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். பொறுமையான ஆட்டக்காரனிடம் இப்படிக் கால் செய்வது முட்டாள்தனம்.

ஐந்தாம் ஞாயிறு டீச்சர் தோற்றார். ஆஸ்-ஜாக்கி, ஜாக்கி ஜோடி விழுந்தது, ரிவரில் மூன்றாவது கிளாவர் வந்தது, அவன் ஆல்-இன், இவர் கால். அவனிடம் கிளாவர் 6-4. நோட்டைப் பார்த்தால், பயமுறுத்துகிற சீட்டு எது விழுந்தாலும் அவன் அள்ளுவது வழக்கம், ஆகவே அப்படிக் கால் செய்ததையும் நான் சரி என்றுதான் எழுதினேன். முடிவு தப்பானால் முடிவெடுத்ததும் தப்பு என்று ஒரு கணக்கு டீச்சரே நினைக்கத் தொடங்கியது எனக்கு வருத்தமாக இருந்தது. அரை மணிக்கூர் பேச வேண்டியிருந்தது.

ஆறாம் ஞாயிறு தோற்றதற்குப் பொறுப்பு என்னுடையது. மொத்த முத்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது, ஒரு பெரிய கைகூட இல்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து எண்ணினேன். பட்டன் அவனிடம் இருந்த 40 கையில் ரெய்ஸ் 22. நூற்றுக்கு 55. ஃப்ளாப்பில் மூன்றில் ஒரு முறை செக் செய்திருக்கிறான். அவன் மாறிவிட்டான், டீச்சர் பழைய அவனோடு ஆடிக்கொண்டிருந்தார். பெட் வைத்தால் அன்று பெரும்பாலும் கையில் சரக்கு இருந்தது, இவரோ நடு ஜோடியோடு கடைசிவரை போய்க்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டிருந்த நான் பத்துக் கைக்கு ஒரு தடவையாவது கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். நோட்டு வைத்திருப்பது ராத்திரி படிக்க அல்ல.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பொய்க் கை என்றால் அவன் முத்தை அள்ளுவான், நல்ல கை என்றால் ஒவ்வொன்றாக எண்ணி வைப்பான். இரண்டாம் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கலைத்துப் போடுகிறவன் சொல்லக் கூடாது என்று வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் வாரம் டீச்சரே அதைக் கவனித்துவிட்டு என்னிடம் சொன்னார், "அதை நம்பி ஆட மாட்டேன். அவன் ஒருநாள் மாத்தி வச்சா நான் என்ன செய்வேன்?" ஆறாம் வாரம் அவன் எல்லாவற்றையும் எண்ணித்தான் வைத்தான். ஐந்தாம் வாரக் கிளாவர் கையில் எப்படி வைத்தான் என்று நான் எழுதவில்லை, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஏழாம் ஞாயிறு டீச்சர் ஜன்னல் திண்டில் ஒரு தீப்பெட்டியைக் கொட்டி வைத்துக்கொண்டார். பட்டன் அவனிடம் வரும் ஒவ்வொரு கைக்கும், ரெய்ஸ் செய்தால் ஒரு குச்சி நிமிர்த்தி, செய்யாவிட்டால் ஒன்று படுக்க வைத்து. பத்தானதும் எண்ணுவார். முதல் பத்தில் 5, இரண்டாம் பத்தில் 4. டீச்சர் மூன்றாம் வாரத்தைப் போலவே நிறைய ஃபோல்ட் செய்தார், ஆனால் இந்த முறை அது சரி. பிறகு அவன் ஒரு நல்ல பாட்டைத் தோற்றான். மூன்றாம் பத்தில் 9. குச்சிகளைப் பார்த்துவிட்டு டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த பத்து நிமிடத்தில் செக், கால், செக், கால் என்று 60 முத்துக்கு மேல் வந்து சேர்ந்தது.

கரண்ட் போவதற்கு முந்தின கையில் டீச்சரிடம் ராணி-10. ஃப்ளாப்பில் ராணி விழுந்தது. அவன் ஃப்ளாப்பில் வைத்தான், டர்னில் வைத்தான், இரண்டையும் பிடித்தார். ரிவரில் ஒரு 7 விழுந்து நடுவில் கிடந்த பொதுச் சீட்டுகளில் 7 ஜோடியானது. அவன் 48 முத்தை எண்ணினான், ஒவ்வொன்றாக. டீச்சர் ஜன்னல் திண்டைப் பார்த்தார். நாலாம் பத்தில் அதுவரை ஆறு குச்சி, அதில் மூன்று நிமிர்ந்தது. சீட்டைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார்.

அவன் முத்தை வாரிக்கொண்டு, தன் இரண்டு சீட்டையும் கட்டுக்குள் செருகினான். இவ்வளவு வாரத்தில் டீச்சர் பெரிய பாட்டை விட்டு ஓடும்போதெல்லாம் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தவன், அன்று காட்டவில்லை. டீச்சரும் கேட்கவில்லை. கரண்ட் போய்விட்டது, அரை மணிக்கூர் கழித்தும் வரவில்லை. செல்போன் வெளிச்சத்தில் எண்ணி நோட்டில் எழுதினேன்: டீச்சர் 231, அவன் 169. முத்து பாட்டிலுக்குள் போனது.